நாலு டேப்லெட், ஒரு வீட்டு வீடியோ நூலகம்: நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டில் நாலு டேப்லெட்டுகள் இருக்கின்றன. நாலும் நாலு விதம். கூடவே 25 வருஷமாகச் சேர்ந்த 1.2 டெராபைட் வீட்டு வீடியோ. எந்த வீடியோவை எந்த டேப்லெட்டில் தொட்டாலும் ஓட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வந்த வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன். ஏழு வாரம் ஆனது. இடையில் ஒரு ரவுட்டர் தேவையில்லாமல் மாறியது, பதினோரு டேப்புகளை இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது. எங்கே தப்பாகக் கணித்தோம், உண்மையில் எது அடைத்துக்கொண்டிருந்தது, கடைசியில் என்ன செய்தோம் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வீடியோக்கள்

மிகப் பழையவை 38 மினிடிவி டேப்புகள் (கையடக்க டிஜிட்டல் கேமராவின் டேப்புகள்), 1999-க்கும் 2008-க்கும் நடுவில் அத்தான் எடுத்தவை. அவற்றை ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினியில் இறக்கி, டேப்பில் பதிவானபடியே ஏவிஐ கோப்புகளாக வைத்திருந்தார். மினிடிவி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஆக, டேப்புகள் மட்டுமே 494 ஜிபி. மேலே எதுவும் சுருக்காமல் அப்படியே வைத்திருந்தது அவர் செய்த மிக நல்ல காரியம். அது எவ்வளவு உதவியது என்பது பின்னால் தெரியும்.

அடுத்து 14 டிவிடிகள். யாரோ எடுத்து, தொகுத்து, வட்டில் எழுதித் தந்த நிகழ்ச்சிகள். இவை சுமார் 60 ஜிபி. அப்புறம் 2009 முதல் 2014 வரை ஒரு ஏவிசிஎச்டி கேமரா காலம். சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த வடிவம் அது. எம்டிஎஸ் என்று முடியும் 620 கோப்புகள், 210 ஜிபி. அதற்குப் பிறகு எல்லாமே போன். ஆரம்பத்தில் எச்.264 என்ற சுருக்க முறை, பிறகு அதற்கு அடுத்து வந்த எச்இவிசி, கடைசி சில வருஷங்களில் 4கே எச்டிஆர், அதாவது கூடுதல் புள்ளிகளும் விரிந்த ஒளியும் நிறமும். இவை 440 ஜிபி.

டேப்லெட்டுகள்

அப்பாவிடம் 2012-இல் வந்த முதல் ஐபேட் மினி. அதன் இயங்குதளம் ஐஓஎஸ் 9-ஓடு நின்றுவிட்டது. கையில் கனமில்லாமல் இருக்கிறது, பட்டன்களின் இடம் பழகிவிட்டது, அதனால் மாற்ற மாட்டார். அந்தக் கருவிக்குச் சொல்லப்பட்ட வீடியோ வரம்பு எச்.264, 1080பி, விநாடிக்கு 30 ஃப்ரேம், ஹை புரொஃபைல் லெவல் 4.1 (எவ்வளவு கனமான வீடியோவைத் தாங்கும் என்பதற்கான படிநிலை). இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் முழு நூலகத்தின் அளவுகோலாகவே அது ஆகிவிட்டது.

அக்காவிடம் புதிய ஐபேட். அக்கா மகளிடம் சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை மட்டும் உள்ளது. அத்தானிடம் கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட்டாகும் விண்டோஸ் கருவி.

முதல் சுற்று: ரவுட்டரின் யுஎஸ்பி துளை

நான் வருவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. வன்தட்டை ரவுட்டரின் யுஎஸ்பியில் செருகி, அதிலேயே வரும் டிஎல்என்ஏ வசதியை, அதாவது வீட்டுக் கருவிகளுக்கு வீடியோ அனுப்பும் வசதியை, இயக்கியிருந்தார்கள். டேப்லெட்டுகளில் விஎல்சி என்ற இலவச பிளேயர் அல்லது கருவியோடு வந்த பிளேயர். இந்த வகை ரவுட்டர் சர்வர் கோப்பை எதுவும் செய்யாது. வன்தட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அனுப்பும், புரிந்துகொள்வது டேப்லெட்டின் பாடு.

புகார்களை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதியதை அப்படியே தருகிறேன். அப்பா: “டேப்பு எதுவும் ஓடல, வட்டம்தான் சுத்துது. புது வீடியோவும் ஓடல.” அக்கா மகள்: “பழைய கேமரா வீடியோல சத்தமே வரல மாமா. ஆள் நடந்தா ஓரம் எல்லாம் கோடு கோடா இருக்கு. புதுசு சிலது ‘முடியாது’ன்னு சொல்லுது.” அத்தான்: “போன் வீடியோவைத் திறந்தா ஏதோ நீட்சி வேணும்னு கேக்குது.” அக்காவின் புகார் இரண்டே வரி. டிவிடி நிகழ்ச்சிகள் துண்டு துண்டாக இருக்கின்றன, மற்றபடி தன் ஐபேடில் எல்லாம் ஓடுகிறது.

அக்காவின் அந்த ‘எல்லாம் ஓடுகிறது’தான் எங்களைத் திசை திருப்பியது. ஒரு கருவியில் ஓடுவதால் கோப்புகள் சரியாகத்தான் இருக்கின்றன, வழியில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினோம். “வை-ஃபையை மாத்திடலாமாடா?” என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். புது ரவுட்டர் வந்தது.

என்ன கிடைத்தது? ஒரு போனை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனைச் செயலி வைத்து அளந்தேன். பழைய ரவுட்டரில், பக்கத்து அறையில், 5 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 180 மெகாபிட். இரண்டு சுவர் தாண்டி அப்பா அறையில், 2.4-இல், 14 மெகாபிட். புது ரவுட்டரில் அப்பா அறை 22 ஆனது. மினிடிவி கோப்பு அப்படியே ஓட விநாடிக்குக் கிட்டத்தட்ட 29 மெகாபிட் வேண்டும். அதாவது 14-லும் ஓடாது, 22-லும் ஓடாது. ரவுட்டர் வாங்கும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால் போதும்: 13 ஜிபியை 3600 விநாடியால் வகுத்து, எட்டால் பெருக்க வேண்டும். போடவில்லை.

வை-ஃபைமேல் பழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா அறையின் டேப் புகாருக்கு அதுதான் காரணம். ஆனால் சத்தம் வராததற்கும், கோடு கோடாகத் தெரிவதற்கும், ‘முடியாது’ என்று வருவதற்கும் வை-ஃபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாலு வியாதிக்கும் ஒரே மருந்து கொடுத்துவிட்டோம்.

உறைக்குள் என்ன இருக்கிறது

இரண்டாவது வாரம்தான் மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியைத் திறந்தேன். கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் உறை மாதிரி. உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் என்பதை உறை சொல்லாது. படம் ஒரு கோடெக்கில், அதாவது ஒரு சுருக்க முறையில், இருக்கும், ஒலி இன்னொன்றில் இருக்கும், படத்தின் ஆழம் 8 பிட்டா 10 பிட்டா என்பது வேறு, வரிகள் முழுதாகப் பதிவானவையா ஒன்றுவிட்டு ஒன்றா என்பது வேறு. டேப்லெட் ஒரு கோப்பை ஓட்ட இவை அத்தனையும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று தெரியாவிட்டாலும் தகராறுதான். எது தெரியவில்லையோ அதற்கேற்ப தகராறின் முகமும் மாறும்.

எம்டிஎஸ் கோப்புகளில் படம் எச்.264. அதை எல்லா டேப்லெட்டும் படிக்கும். ஒலி ஏசி-3, அதாவது டால்பி டிஜிட்டல். ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏசி-3 இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த டேப்லெட்டோடு வந்த பிளேயருக்கு அது தெரியாது. அதனால்தான் படம் வந்து சத்தம் வராமல் போனது. விஎல்சி தன்னுடைய டிகோடர்களைத் தானே எடுத்துவருவதால் அதில் சத்தம் வந்தது.

கோடுகளுக்குக் காரணம் இன்டர்லேஸ். மினிடிவி, டிவிடி, அந்தக் காலத்து ஏவிசிஎச்டி எல்லாமே பழைய குழாய்த் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி பதிவானவை. விநாடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் பாதி வரிகள் மட்டும். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். ஆள் நின்றால் இரண்டு பாதியும் பொருந்தும். நடந்தால், இரண்டு பாதிக்கும் நடுவில் அவர் நகர்ந்திருப்பார். டேப்லெட்டின் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடுகிறது.

புதிய போன் வீடியோக்கள் எச்இவிசி. அந்தத் தரம் 2013-இல் வந்தது, ஐஓஎஸ்ஸில் அதற்கு ஆதரவு 2017-இல் ஐஓஎஸ் 11-ஓடு வந்தது. 9-இல் நின்றுபோன கருவி அதை எதிர்பார்க்கவே முடியாது. ஆண்ட்ராய்டு டேப்லெட் எச்இவிசி படிக்கும், ஆனால் 1080பி வரைதான். 4கே வந்தால் மறுத்துவிடும். அத்தானின் விண்டோஸில் எச்இவிசி நீட்சி தனியாகச் சேர்க்க வேண்டும். விஎல்சி போட்டுவிட்டோம், இரண்டு நிமிஷ வேலை. டிவிடி துண்டுகளும் அப்படித்தான். டிவிடியில் ஒரு விஓபி கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் நீளமான நிகழ்ச்சி நாலைந்தாக வெட்டுப்பட்டிருக்கும், ஒட்டினால் சரி.

இரண்டாவது சுற்று: மாற்றிக்கொண்டே அனுப்பும் சர்வர்

சரி, கோப்புகள் பல மொழி, டேப்லெட்டுகள் பல மொழி. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. எல்லோரும் செய்வதும் இதைத்தான். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி (Emby) என்ற மூன்று சர்வர் செயலிகளும் இந்த வேலை செய்யும். 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து பிரிந்து வந்த திறமூலச் செயலிதான் ஜெல்லிஃபின், அதையே எடுத்துக்கொண்டேன். அத்தானிடம் சும்மா கிடந்த நாலாம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி சர்வர் ஆனது.

இந்த வகை சர்வர் மூன்று விதமாக அனுப்பும். டேப்லெட்டுக்குக் கோப்பு புரிந்தால் அப்படியே. உறை மட்டும் புரியாவிட்டால் உறையை மாற்றி. உள்ளே இருப்பதே புரியாவிட்டால் டிரான்ஸ்கோட் செய்து, அதாவது பார்க்கப் பார்க்கவே வேறு கோடெக்கில் எழுதி, சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும். முதல் இரண்டும் சர்வருக்குத் தூசு. மூன்றாவதுதான் சுமை. ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் யார் என்ன பார்க்கிறார், டிரான்ஸ்கோட் நடக்கிறதா, எதனால் நடக்கிறது என்று காரணத்தோடு தெரியும். இந்தச் சிக்கலை ஆராயும் எவரும் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.

எம்டிஎஸ் சத்தம் உடனே சரியானது. ஒலியை மட்டும் எல்லா டேப்லெட்டும் படிக்கும் ஏஏசியாக மாற்றுவது எந்தக் கணினிக்கும் பெரிய காரியமில்லை. மினிடிவி டேப்புகள்தான் சர்வரைத் திணறடிக்கும் என்று நினைத்திருந்தேன், கோப்பு அவ்வளவு பெரிது. ஆனால் அவை சிரமமே இல்லாமல் ஓடின. மினிடிவியின் சுருக்கம் எளிமையானது, படம் 720-க்கு 576 புள்ளிகள்தான். பிரிப்பது மென்பொருளுக்கே எளிது, எச்.264-ஆக மறுபடி எழுத அந்த மடிக்கணினியில் உள்ள குயிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருளே போதும்.

படுத்துக்கொண்டது போன மாதம் போனில் எடுத்த வீடியோவுக்கு. 4கே, எச்இவிசி, 10 பிட், எச்டிஆர். இன்டெல்லில் எச்இவிசியை வன்பொருளிலேயே முழுதாகப் பிரிக்கும் வசதி 2015-இல் ஸ்கைலேக் தலைமுறையில் வந்தது. 10 பிட்டுக்கு அடுத்துவந்த கேபி லேக் வேண்டும். எங்கள் மடிக்கணினி இரண்டுக்கும் முந்தியது. எல்லாவற்றையும் மென்பொருளாலேயே பிரித்து, எச்டிஆர் நிறத்தைச் சாதாரணத் திரைக்கு இறக்கி, அளவைச் சுருக்கி எழுத வேண்டும். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலின் பதிவேட்டில் வேகம் 0.3 என்று வந்தது. ஒரு நிமிஷ வீடியோவை மாற்ற மூன்று நிமிஷத்துக்கும் மேல். அப்பா ஐந்து விநாடி பார்ப்பார், வட்டம் சுற்றும். அந்த நேரத்தில் அக்கா மகளும் வேறொன்றைத் திறந்தால் இருவருக்கும் வட்டம். மடிக்கணினியின் விசிறி பக்கத்து அறை வரைக்கும் கேட்டது.

இன்னொன்றும் கவனித்தோம். டிரான்ஸ்கோட் ஓடும்போது வீடியோவில் முன்னே பின்னே தள்ளினால், சர்வர் பழைய வேலையை விட்டுவிட்டு அந்த இடத்திலிருந்து புதிதாக ஆரம்பிக்கிறது. முதல் துண்டு வர நாலைந்து விநாடி ஆகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது பெரிதாகப் படாது, உட்கார்ந்தால் முடியும்வரை பார்ப்பார். வீட்டு வீடியோவை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. “அந்த இடத்துக்குப் போ... இன்னும் கொஞ்சம் முன்னாடி... அதோ, அதான்!” என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு டேப்பில் இருபது தடவை தள்ளுவார்கள்.

வாங்குவதா, மாற்றுவதா

இங்கே எனக்கும் அத்தானுக்கும் கருத்து வேறுபட்டது. புதிய இன்டெல் சில்லு உள்ள சின்னக் கணினி ஒன்றை வாங்கினால் இந்த 4கே சுமையைச் சாதாரணமாகத் தாங்கும் என்றார். அது உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே தடவை மாற்றிப் பார்வைப் பிரதி வைத்துக்கொண்டால் பழைய மடிக்கணினியே போதும் என்றேன் நான். “ரெண்டு பிரதி வெச்சா எது அசல்னு ஒரு நாள் குழப்பம் வரும். யாராவது சின்னதை வெச்சுக்கிட்டுப் பெரிசை அழிச்சுடுவாங்க” என்றார். இதுவும் உண்மை, நானே இன்னொரு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பார்வைப் பிரதி பக்கமே நின்றேன். வீட்டு வீடியோ மாறுவதில்லை. 2003-இல் எடுத்த டேப் இனிமேலும் அதேதான். அதை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒரு கணினி மறுபடி மறுபடி மொழிபெயர்ப்பது வீண் வேலை. தள்ளும்போது வரும் நாலு விநாடித் தாமதத்தைப் புதுக் கணினி குறைக்கும், ஒழிக்காது. வாரா வாரம் புதிது புதிதாகச் சேரும் நூலகம், வெளியூரிலிருந்து பல வேகத்தில் பார்க்கும் ஆட்கள், பல மொழி சப்டைட்டில் என்றால் நான் மறுபேச்சில்லாமல் அத்தான் கட்சிதான். இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

அவருடைய பயத்துக்கும் வழி செய்தோம். அசல்கள் தனி வன்தட்டில், படிக்க மட்டும் என்று பூட்டி, அதற்கொரு நகலும் எடுத்து அலமாரிக்குப் போயின. சர்வரில் இருப்பது பார்வைப் பிரதிகள் மட்டும்.

பார்வைப் பிரதியின் அளவு

எதற்கு ஏற்றபடி மாற்றுவது? இருப்பதிலேயே குறைந்த வரம்புள்ள கருவிக்கு, அதாவது அப்பாவின் ஐபேட் மினிக்கு. அதில் ஓடினால் மற்ற மூன்றிலும் ஓடும். எனவே உறை எம்பி4, படம் எச்.264 ஹை புரொஃபைல், 8 பிட், ஒலி இரட்டைத் தட ஏஏசி. தரத்தைச் சிஆர்எஃப் என்ற தர அளவில் 20-இல் வைத்து, உச்ச வேகம் விநாடிக்கு 8 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது என்று பூட்டினேன். அப்பா அறையின் 22-இல் அது தாராளமாகப் போகும், இன்னொருவர் பார்த்தாலும் போகும். இரண்டு விநாடிக்கு ஒரு கீஃப்ரேம், அதாவது பக்கத்துப் படங்களை நம்பாத முழுப் படம், தள்ளினால் சட்டென்று நிற்பதற்காக. எம்பி4-இன் பொருளடக்கத்தைக் கோப்பின் தலைக்கு நகர்த்தும் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற தெரிவும் சேர்த்தேன். இயல்பாக அது கோப்பின் வாலில் எழுதப்படும், பிளேயர் அதைத் தேடி வால் வரைக்கும் போய்வர வேண்டும்.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது ஃப்ரேம் எண்ணிக்கையில். இன்டர்லேஸ் வீடியோவை முழு வரிகளாக மாற்ற இரண்டு வழி. இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒரு ஃப்ரேம் ஆக்கினால் விநாடிக்கு 25. ஒவ்வொரு பாதியையும் தனி ஃப்ரேமாக நிரப்பினால் 50. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் 25 என்கின்றன, கோப்பும் சின்னதாக வரும். நான் ஒரு டேப்பை இரண்டு விதமாகவும் எழுதி, எது என்னவென்று சொல்லாமல் அப்பாவிடம் காட்டினேன். 25-ஐப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். 50-ஐப் பார்த்ததும், “இதான் டிவில போட்டுப் பாத்தது” என்றார். ஓடும் குழந்தை, ஊஞ்சல், சட்டென்று திரும்பும் கேமரா எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. 25-இல் பாதிக் கணங்கள் தொலைந்துபோகின்றன. டேப்பில் உண்மையிலேயே பதிவானவை அவை, எதற்காகத் தூக்கி எறிய வேண்டும்?

ஆனால் ஐபேட் மினியின் வரம்பு 1080பி-க்கு 30 ஃப்ரேம். ஏவிசிஎச்டியை 1080-இல் 50 ஃப்ரேமாக எழுதினால் லெவல் 4.2 ஆகிவிடும். எனவே எம்டிஎஸ் எல்லாம் 720பி, 50 ஃப்ரேம். அது லெவல் 3.2-க்குள் அடங்குகிறது. சோதித்தோம், தடங்கல் இல்லாமல் ஓடியது. புள்ளிகள் குறைந்தன, அசைவு முழுதாகக் கிடைத்தது. எட்டு அங்குலத் திரையில் இந்தப் பேரத்தில் நஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அத்தானின் பெரிய திரையில் உற்றுப் பார்த்தால் தெரியும், அவருக்கு அசல் இருக்கிறது. போன் வீடியோக்கள் முதலிலிருந்தே முழு ஃப்ரேம்கள், 30 ஃப்ரேம் 1080பி-ஆக எழுதினேன்.

பதினோரு டேப்புகளில் நான் செய்த தப்பு

எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இரவில் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் முதல் பதினோரு டேப்பிலும் ஆட்கள் நடுங்கினார்கள். ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால், மறுபடி முன்னால். நின்ற காட்சிகள் பளிச்சென்று இருந்தன, அசைந்தால் நடுக்கம்.

ஏவிசிஎச்டியில் மேல் வரிப்பாதி முதலில் வரும். மினிடிவியில் கீழ் வரிப்பாதி முதலில். எம்டிஎஸ் கோப்புகளில் சோதித்த கட்டளையில் ‘மேல் பாதி முதலில்’ என்று நானே கட்டாயப்படுத்தி எழுதியிருந்தேன், அதையே டேப்புகளுக்கும் ஏவிவிட்டேன். கணங்கள் 2, 1, 4, 3 என்று மாறி வந்தால் ஆள் நடுங்கத்தான் செய்வார். கோப்பிலேயே குறித்திருப்பதை எடுத்துக்கொள் என்று விட்டிருந்தால் தானே சரியாக நடந்திருக்கும். அசல்கள் பூட்டிய வன்தட்டில் இருந்ததால் போனது ஓர் இரவு மட்டும். டேப்புகளை முன்பே யாராவது இப்படி மாற்றிவிட்டு அசலை அழித்திருந்தால் அந்த நடுக்கம் நிரந்தரம்.

இதே சமயம் இன்னொன்றையும் திருத்தினேன். மினிடிவியின் புள்ளிகள் சதுரமல்ல. 720-க்கு 576 என்பதை அப்படியே சதுரமாகக் காட்டினால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். சில பிளேயர்கள் கோப்பில் உள்ள விகிதக் குறிப்பைப் படித்துச் சரிசெய்யும், சில கண்டுகொள்ளாது. குறிப்பை நம்பாமல் 768-க்கு 576 என்று விரித்தே எழுதிவிட்டேன். “அப்போ நான் ஒல்லியா இருந்தது இதாலதானா?” என்றாள் அக்கா. பதில் சொல்லவில்லை.

போன் வீடியோக்களில் இரண்டு சின்ன விஷயங்கள். நெட்டுக்குத்தாக எடுத்தவை உள்ளே படுக்கையாகப் பதிவாகி, ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்போடு இருக்கும். மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக் தானே நிமிர்த்திவிடுகிறது. எச்டிஆர் வீடியோக்களை நிறம் இறக்காமல் 8 பிட்டாக மாற்றினால் வெளுத்துப்போகும். டோன் மேப் வடிகட்டி போட்டுச் சாதாரண நிறவெளிக்குக் கொண்டுவந்தேன். அந்தி வானம் உள்ள காட்சிகளில் அசலின் பளபளப்பு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சருமத்தின் நிறம் சரியாக வந்தது.

மொத்தம் சுமார் 137 மணி நேர வீடியோ. என் மேசைக் கணினியில் ஒன்பது இரவுகள் ஓடியது, மறுபடி செய்த இரவைச் சேர்க்காமல். 1.2 டெராபைட் சுமார் 225 ஜிபி ஆனது.

அப்பாவின் ஐபேட்

கோப்புகள் சரியாகியும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. ஜெல்லிஃபினின் இன்றைய வலைப்பக்கம் ஐஓஎஸ் 9 சஃபாரியில் திறப்பதில்லை, செயலியும் அதற்குக் கிடையாது. விஎல்சி இருக்கிறது, ஆனால் சர்வரைத் தேடு, கோப்புறையைத் திற, உள்ளே இன்னொன்றைத் திற என்று நாலு படி. அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை.

கோப்புகள் எல்லாம் இப்போது அந்தக் கருவிக்கே தெரிந்த எம்பி4. அப்படியென்றால் ஜெல்லிஃபினே வேண்டாமே, ஒரு சாதாரண வலைப்பக்கத்தில் வருஷ வாரியாக இணைப்புகள் கொடுத்தால் போதும். பைத்தானோடு வரும் சின்ன எச்டிடிபி சர்வரை ஏவிப் பார்த்தேன். பக்கம் வந்தது, வீடியோ ஓடவில்லை. கோப்பு, கோடெக், கேபிள் என்று அரை நாள் தேடினேன். சஃபாரி வீடியோவை முழுதாகக் கேட்பதில்லை, ‘இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு’ என்று துண்டாகக் கேட்கும். அந்தச் சின்ன சர்வருக்குத் துண்டு கொடுக்கத் தெரியாது. என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வருக்குத் தெரியும். மாற்றிய நிமிஷமே ஓடியது. பெரிய எழுத்தில் வருஷங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம், முகப்புத் திரையில் ஒரு ஐகான். பக்கத்தில் வேறு ஒன்றும் கிடையாது. இது வீட்டுக்குள் மட்டும்தான் திறக்கும், வெளி இணையத்துக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை.

மற்ற மூவரும் ஜெல்லிஃபின் செயலியிலேயே பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தபோது நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். மூவருக்குமே கோப்பு அப்படியே போய்க்கொண்டிருந்தது, டிரான்ஸ்கோட் ஒன்றும் இல்லை. மடிக்கணினியின் சுமை ஐந்து சதவீதத்தைத் தொடவில்லை. விசிறி சுற்றுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு நாள் மட்டும் அக்கா மகளின் டேப்லெட்டில் எதுவுமே தெரியவில்லை. அவள் ரவுட்டரின் விருந்தினர் வை-ஃபையில் சேர்ந்திருந்தாள். அந்த வலையில் இருப்பவர்களுக்கு வீட்டுக் கருவிகள் தெரியாது.

மிச்சம்

புதிய போன் வீடியோக்களை ஒரு ஸ்கிரிப்ட் தினமும் நள்ளிரவில் எடுத்து மாற்றுகிறது. மடிக்கணினி மெதுவாகத்தான் செய்யும், ராத்திரியில் யாருக்கு அவசரம்? புதிதாக ஏதாவது வடிவத்தில் போன் எடுக்க ஆரம்பித்தால் ஸ்கிரிப்ட் திணறும், அப்போது மறுபடி மீடியாஇன்ஃபோவைத் திறக்க வேண்டியதுதான்.

தேதிகள் இன்னும் முடியவில்லை. மினிடிவி டேப்பில் படத்தோடு கேமராவின் தேதியும் நேரமும் சேர்ந்தே பதிவாகும். கணினியில் இறக்கிய நாள் கோப்பின் மேல் இருந்தாலும், எடுத்த நாள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. 32 டேப்புகளுக்கு அதை எடுத்துப் பெயர் வைத்துவிட்டேன். ஆறு டேப்புகளில் கேமராவின் கடிகாரமே ஓடவில்லை, எல்லாம் ஜனவரி 1. அவற்றை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து, சட்டையையும் சுவர் வண்ணத்தையும் வைத்து வருஷம் சொல்லி வருகிறார். நாலு முடிந்தது. ஐந்தாவதில் பின்னால் ஒரு காலண்டர் தொங்குகிறது. அந்த இடத்தில் நிறுத்துகிறார். இப்போது நிறுத்தினால் கோடுகள் இல்லை, படம் சுத்தமாக நிற்கிறது. விரலால் பெரிதாக்குகிறார். 576 வரியில் அந்த எழுத்து நாலு புள்ளி உயரம்கூட இல்லை.

“2001ஆ, 2007ஆன்னு தெரியலப்பா. கடைசி எண் ஒண்ணு மாதிரியும் இருக்கு, ஏழு மாதிரியும் இருக்கு.”

அந்த டேப் இன்னும் ‘தேதி தெரியாது 2’ என்ற பெயரில்தான் பட்டியலில் இருக்கிறது.